மலைக்கு இருபுறமும் படக்கதை வாசித்த பெண்கள்

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது புளியறை. சதாசிவமூர்த்தி கோயிலின் தட்சிணாமூர்த்தி சன்னதிக்காகவும் எல்லையோரச் சோதனைச் சாவடிக்காகவும் வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரை அறிந்திருப்பார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்புவரை செங்கோட்டைத் தாலுகாவோடு சேர்ந்து திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போதுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழ்ப் படக்கதையின் வரலாற்றுக்கும் இந்த எல்லையோர ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இங்கிருந்து கிழக்கே இறங்கும் சாலை தென்காசி, புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போய், தமிழ் காமிக்ஸ் அச்சான சிவகாசிக்குப் பக்கத்தில் கொண்டு விடுகிறது. மேற்கே ஏறும் சாலை ஆரியங்காவு கணவாயைத் தாண்டி, மலையாள வார இதழ்களின் ஊரான கோட்டயத்தின் திசைக்குப் போகிறது. இரண்டு பக்கமும் படக்கதை செழித்தது. ஆனால் யார் அதன் வாசகர் என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு பதில் கிடைத்தது. கிழக்கே அது பையன்களின் பொழுதுபோக்கு என்று பெயர் வாங்கியது. மேற்கே குடும்பம் முழுவதற்கும் சொந்தமாக இருந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெண்களின் ரசனை என்று சொல்வது எளிது. கதை எந்தக் கடையில் விற்றது, எந்த இதழோடு வீட்டுக்குள் வந்தது, யார் பெயரில் பதிவானது என்பவைதான் காரணம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

நமக்குச் சொல்லப்பட்டிருக்கும் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். 1972-இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. 1984-இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. தந்தி போய்ச் சேர்ந்த ஊர்களுக்கெல்லாம் ஏஜென்டுகள் வழியே ஒன்றரை ரூபாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்பைடர், ஆர்ச்சி, வேதாளர், மாண்ட்ரேக், ஜேம்ஸ் பாண்ட், டெக்ஸ் வில்லர் என்று நாயகர்களின் பட்டியல் நீளும். இதைப் படித்து வளர்ந்தவர்களாக நினைவுக்கு வருபவர்கள் எல்லோரும் ஆண்கள். பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பவர்கள், புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்கின் முன்னால் கூடுகிறவர்கள், மலரும் நினைவுகளை எழுதுகிறவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே பெண்கள் இதில் இல்லை என்ற முடிவு தானாகவே வந்துவிடுகிறது.

அந்த முடிவுக்கு முதல் இடைஞ்சல், அந்த வரலாற்றின் நடுவிலேயே இருக்கிறது. லயன் காமிக்ஸின் முதல் இதழின் தலைப்பு ‘கத்தி முனையில் மாடஸ்டி’. ஸ்பைடரோ ஆர்ச்சியோ வருவதற்கு முன்னால், தமிழின் மிகப் புகழ்பெற்ற சாகச காமிக்ஸ் இதழை ஒரு பெண்தான் தொடங்கி வைத்தாள். பீட்டர் ஓ’டானல் எழுதி, ஜிம் ஹோல்டவே வரைந்து, 1963-இல் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் தொடங்கிய தொடர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாரசீகத்தில் படைவீரராக இருந்தபோது, அகதியாகத் தனியே நடந்துபோன ஒரு சிறுமியைக் கண்டார் ஓ’டானல். அச்சமில்லாமல் தன்னைத் தானே காத்துக்கொண்ட அந்தச் சிறுமியின் நினைவிலிருந்துதான் மாடஸ்டி பிறந்தாள் என்று அவரே சொல்லியிருக்கிறார். தமிழ் வாசகர்கள் அவளை ‘இளவரசி’ என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் கதையிலிருந்தே வந்தது. அவளுக்கு நிகரான துணிவுள்ள வில்லி கார்வின் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். திட்டம் போடுவது அவள், முடிவெடுப்பது அவள், ஆபத்தில் முன்னே நடப்பதும் அவள். அவளது உடல் ஆண் பார்வைக்காக வரையப்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பல சட்டகங்களில் அது உண்மைதான். ஆனாலும் காப்பாற்றப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட பெண்களுக்கு நடுவில், காப்பாற்றுகிறவளாக ஒருத்தி நின்றாள் என்பதை அது அழித்துவிடாது.

இரண்டாவது இடைஞ்சல், எந்தக் கதைகள் தமிழுக்கு வந்தன என்பதில் இருக்கிறது. இரும்புக்கை மாயாவி 1962 முதல் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழில் வந்த தொடர். ஸ்பைடர் வந்தது ‘லயன்’ என்ற இன்னொரு சிறுவர் இதழில். நம் லயனின் பெயர் அதை நினைவூட்டுவது. இவற்றை வெளியிட்ட அதே நிறுவனம் சிறுமிகளுக்கென்றும் வார இதழ்களை நடத்தியது. 1971-இல் ‘டாமி’, 1974-இல் ‘ஜின்டி’, 1978-இல் ‘மிஸ்டி’. போட்டி நிறுவனமான டி.சி. தாம்சனின் ‘பன்ட்டி’ 1958-லேயே தொடங்கிவிட்டது. விடுதிப் பள்ளி, விளையாட்டு, பேய்க்கதை, அறிவியல் புனைவு, வறுமையோடு போராடும் சிறுமியின் கதை என்று எல்லாம் அவற்றில் இருந்தன. உலகத்தில் பெண்பிள்ளைகள் படக்கதை படிப்பதில்லை என்பது உண்மையாக இருந்திருந்தால், இத்தனை இதழ்கள் வாரம் தவறாமல் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்காது. சிவகாசி பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது சிறுவர் இதழ்களின் நாயகர்களை. விற்கும் என்று தெரிந்த சரக்கை வாங்கியதில் பதிப்பாளர்மேல் குற்றமில்லை. ஆனால் பெண்களுக்கான கதைகள் கொள்முதல் நிலையிலேயே நின்றுவிட்ட பிறகு, பெண்கள் வாங்கவில்லையே என்று அவர்கள் ரசனையைக் குறை சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது இடைஞ்சல் கடை. முத்து காமிக்ஸ் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1971-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். 1991-இல்தான் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்குமேல், அதாவது 51 சதவீதத்தினர், எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். அந்த இருபது ஆண்டுகள்தான் தமிழ் காமிக்ஸின் பொற்காலம் என்று சொல்லப்படுவது. படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைக்கும் இதழைக் கையில் வாங்குவது எளிதாக இல்லை. காமிக்ஸ் தொங்கியது பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில், டீக்கடை ஓரத்தில், ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில். அங்கே நின்று, கிளிப்பில் மாட்டியிருக்கும் இதழ்களைப் புரட்டிப் பார்த்து, கையிலிருக்கும் சில்லறையை எண்ணிக் கொடுத்து வாங்கும் சுதந்திரம் பத்து வயதுப் பையனுக்கு இருந்தது. அதே வயதுச் சிறுமி அப்படி நின்றால் ஊர் பேசும். பழைய புத்தகம் மாற்றிக்கொள்வதும் தெருவில், பள்ளி வாசலில், பையன்களுக்குள் நடந்த வியாபாரம். அண்ணன் வாங்கினான், அவன் படித்து முடித்த பிறகு தங்கை படித்தாள் என்பதுதான் அந்தக் காலத்து வீடுகளின் நடைமுறை. விற்பனைக் கணக்கில் அது ஒரு பிரதி, ஒரு வாசகன். வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதியவனும் சந்தா கட்டியவனும் அவனே. பதிவில் அவன் பெயர்தான் இருக்கும். இரண்டாவது கைக்குப் போன வாசிப்பை எந்தப் பதிவேடும் எழுதி வைப்பதில்லை.

இப்போது மலைக்கு மேற்கே பார்க்கலாம். டோம்ஸ் என்ற வி.டி. தாமஸ் வரைந்த ‘போபனும் மோளியும்’ 1957 முதல் மலையாள மனோரமா வார இதழின் கடைசிப் பக்கத்தில் வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவர்தான் அதன் மூலம்; தன்னை ஒரு படம் வரைந்து தரும்படி அந்தச் சிறுமி கேட்டதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பது கேரளம் அறிந்த கதை. அந்த ஒரு பக்கத்தில் வக்கீல் தொழில் ஓடாத அப்பன், சமையற்கட்டில் பாடுபடும் அம்மா, பஞ்சாயத்துத் தலைவர், அவரை ஆட்டிவைக்கும் மனைவி, எல்லாரையும் மடக்கும் இரண்டு பிள்ளைகள், எங்கும் கூடவே ஓடும் ஒரு நாய்க்குட்டி என்று ஒரு கிராமமே இருந்தது. வாசகர்கள் இதழைப் பின்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார்கள். தொடர்கதைகளுக்காகப் பெண்கள் மிகுதியாகப் படித்த வார இதழ் அது. ஆகவே இந்தப் படக்கதையின் வாசகர்களில் பெண்கள் இருக்கிறார்களா என்ற சந்தேகம் அங்கே யாருக்கும் எழவில்லை. 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாய் கல்விக்கு அரசு செலவிட வேண்டும் என்று ஆணையிட்ட திருவிதாங்கூரில், பெண்கல்வி முந்தித் தொடங்கியதும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட நேரடியான காரணம், படக்கதை வீட்டு வார இதழுக்குள் இருந்தது. அதை வாங்க எந்தச் சிறுமியும் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

தமிழிலும் அந்த வழி இருந்தது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா, பெரியவர்கள் வாசித்துக் காட்டப் பிள்ளைகள் படம் பார்க்கும் இதழாகத்தான் வீடுகளில் புழங்கியது. 1962-இல் வந்த ராணி, அதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்த விகடன், கல்கி, குமுதம் எல்லாம் ஓவியங்களும் நகைச்சுவைப் படங்களும் நிறைந்தவை; இல்லத்தரசிகளின் கையில் முதலில் சேர்ந்தவை. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்ப்பது வரையறையை இழுப்பதாகும், ஒரு தொடர்கதையின் ஓவியமும் காமிக்ஸும் ஒன்றாகுமா என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. கல்கியில் 1950 முதல் வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்தவை கதைக்கான ஓவியங்களே, படக்கதை அல்ல. ஆனால் இங்கே நாம் தேடுவது ரசிகையை. ரசிகர் என்பவர் யார்? வந்ததைப் படித்துவிட்டுத் தூக்கிப் போடாமல், தேடிச் சேர்த்து, வரிசைப்படுத்தி, பாதுகாத்து, அடுத்தவருக்குக் கொடுத்துப் பேசுகிறவர். இதைத்தான் இன்று காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் பெருமையோடு செய்கிறார்கள். தமிழ்ப் பெண்கள் இதை அவர்களுக்கு முன்பே செய்தார்கள். வாரந்தோறும் இதழிலிருந்து தொடரின் பக்கங்களை, ஓவியம் கிழியாமல் பிரித்தெடுத்து, அத்தியாய வரிசையில் அடுக்கி, கோணி ஊசியும் நூலும் கொண்டு முதுகில் மூன்று தையல் போட்டு, பழைய காலண்டர் அட்டையை மேலட்டையாக ஒட்டி, முதல் பக்கத்தில் பெயர் எழுதி வைத்தார்கள். விட்டுப்போன வாரத்தைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். அந்தப் பைண்டு புத்தகம் தெருவெல்லாம் சுற்றி வரும். இதை ‘பழைய தொடர்கதை’ என்றும் பையன் சேர்த்த மாயாவி இதழ்களை ‘சேகரிப்பு’ என்றும் இரண்டு பெயரிட்டு அழைக்கும் பழக்கம்தான் ரசிகையை வரலாற்றிலிருந்து நீக்கியது.

அடுத்து வரும் மறுப்பு இன்னும் கடினமானது. வாசித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், படைத்தார்களா? முத்து, லயன், ராணி மூன்றையும் நடத்தியவர்கள் ஆண்கள், அவற்றுக்கு வரைந்தவர்களும் ஆண்கள் என்பதை மறைக்கவோ மழுப்பவோ கூடாது. அதே நேரம், படைப்பு என்பது தூரிகை பிடித்த கையோடு முடிவதில்லை. சிவகாசியில் அச்சான தாள் மடிக்கப்பட்டு, அடுக்கப்பட்டு, பின் அடிக்கப்பட்டு இதழாகும் பைண்டிங் பிரிவுகளில் பெண்களின் உழைப்பு பெரிது. ஒரு இதழின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வரிசையில் சேர்த்தவர்களின் பெயர் எந்த இதழிலும் வந்ததில்லை. எழுத்துப் பக்கம் வந்தால், 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதையில் கமலா சந்திரகாந்த் இணையாசிரியராக இருந்து பல இதழ்களை எழுதினார். இந்தியச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த புராண, வரலாற்றுப் படக்கதைகளின் வடிவத்தை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். அவை தமிழிலும் வந்தன. எர்ணாகுளத்தின் பைகோ நிறுவனம் 1984-இல் தொடங்கி, வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் இதழ், காக்கை காளியையும் கபீஷையும் சுப்பாண்டியையும் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. மலைக்கு மேற்கிலிருந்து தமிழ்ச் சிறுவர் இதழ் ஒன்று வந்தது என்பது கவனிக்கத்தக்கது. சுப்பாண்டியின் கதை இன்னும் பொருத்தமானது. திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய தமிழ்நாட்டுக் கதையிலிருந்து 1983-இல் ‘டிங்கிள்’ இதழில் பிறந்தவன் அவன். அவனுக்கு உருவம் கொடுத்த ராம் வாயீர்கர் 2003-இல் மறைந்த பிறகு, அவர் மகள் அர்ச்சனா அம்பேர்கர் அவனை வரைந்து வருகிறார். தமிழ்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும் அந்த நீண்ட தலையை இரண்டு தலைமுறைகளில் ஒரு தந்தையும் மகளும் வரைந்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனாலும் தமிழில் ஓவிய மேசையில் பெண்கள் அரிதாக இருந்தது ஏன் என்ற கேள்வி நிற்கிறது. இதற்குப் பதிலை ஜப்பானோடு ஒப்பிட்டால் தெளிவாகக் காணலாம். முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே 1972-இல், டோக்கியோவில் ‘மார்கரெட்’ என்ற சிறுமிகள் இதழில் இகேதா ரியோகோ ‘ரோஸ் ஆஃப் வெர்சாய்’ தொடரைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 24. பிரெஞ்சுப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட அந்தக் கதை நாடகமாகவும் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் விரிந்தது. அவரோடு ஹாகியோ மோட்டோ, தகேமியா கெய்கோ என்று ஒரு தலைமுறையே எழுந்தது. ஜப்பானியப் பெண்களுக்கு மட்டும் இறைவன் ஓவியத் திறமையை அள்ளிக் கொடுக்கவில்லை. அங்கே இதழ்கள் வாரந்தோறும் புதிய பக்கங்களுக்குத் தவித்தன. வாசகிகள் வரைந்து அனுப்பியதைத் திருத்தி, பரிசு கொடுத்து, அவர்களையே ஓவியர்களாக்கின. தமிழில் இந்த வழி உரைநடைக்கு இருந்தது. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்ற ‘பெண்குரல்’ 1953-இல் ராஜம் கிருஷ்ணனைத் தமிழ் உலகுக்குக் காட்டியது. போட்டிகளும் வார இதழ்களும் பெண் எழுத்தாளர்களின் வரிசையையே உருவாக்கின. படக்கதைக்கு அப்படி நடக்காததற்குக் காரணம், அந்தத் தொழில் மொழிபெயர்ப்பில் நின்றதுதான். வெளிநாட்டிலிருந்து வரைந்து முடித்த பக்கம் உரிமத்தோடு வந்தது. அதிலுள்ள ஆங்கில வசனத்தை எடுத்துவிட்டு, நீளமான தமிழ்ச் சொற்களை அந்தச் சின்ன வசனக் கூட்டுக்குள் அடக்குவதே இங்கே நடந்த வேலை. அது கைத்தேர்ச்சி வேண்டும் வேலைதான். ஆனால் அதற்குப் புதிய ஓவியர் யாரும் தேவைப்படவில்லை. ஆண் ஓவியர்களுக்கே வாய்ப்பு சுருங்கிய தொழிலில், பெண்ணுக்குக் கதவு திறக்கும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

வாய்ப்பு மறுக்கப்பட்டதைத் திறமைக் குறைவு என்று எண்ணுவது தமிழ்நாட்டோடு நிற்கும் பிழையும் இல்லை. 1940-இல் அமெரிக்காவில் ‘பிரெண்டா ஸ்டார்’ என்ற பெண் நிருபரின் கதையைத் தொடங்கியவரின் பெயர் டேலியா மெஸ்ஸிக். பெண் பெயரைக் கண்டால் பதிப்பாசிரியர்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை என்பதால், ஆணா பெண்ணா என்று தெரியாத ‘டேல்’ என்ற பெயரில் அனுப்பினார். 2011-இல் நிறைவடையும் வரை அந்தத் தொடரைப் பெண்களே தொடர்ந்து எழுதி, வரைந்து வந்தார்கள். 2016-இல் பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில், உயரிய விருதுக்கான முதற்பட்டியலில் இருந்த முப்பது பேரும் ஆண்கள். காமிக்ஸ் வரலாற்றில் பெண்கள் குறைவு என்பதே அமைப்பாளர் தரப்புச் சமாதானம். பட்டியலில் இருந்த ஆண்களிலேயே பலர் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். வரலாற்றை எழுதும்போது விட்டுவிடுவதும், பிறகு அந்த வரலாற்றையே சான்றாகக் காட்டுவதும் எங்கும் நடக்கிறது. அதே வேளையில் கதவு திறந்த இடங்களில் பெண்கள் வரத் தாமதிக்கவில்லை. மஞ்சுளா பத்மநாபனின் ‘சுகி’ 1982 முதல் பம்பாய் செய்தித்தாள் உலகில் இடம் பிடித்தாள். சென்னையில் 1994-இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், 2011-இல் சம்ஹிதா ஆர்னி எழுத, வங்காளப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகர் வரைந்த ‘சீதாவின் ராமாயணம்’ நூலை வெளியிட்டது. இராமாயணத்தைச் சீதையின் வாயால் சொல்லும் அந்தப் படக்கதை அமெரிக்காவின் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியல்வரை போனது. 2015-இல் தில்லியின் ஜுபான் பதிப்பகம் பதினான்கு இளம்பெண்களின் படக்கதைகளைத் தொகுத்தது. ஈரானியப் பெண் மர்ஜான் சத்ரபியின் தன்வரலாற்றுப் படக்கதை, கோவை விடியல் பதிப்பகத்தின் வழியாகத் தமிழுக்கும் வந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. தமிழ்ப் படக்கதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கடையில் விற்ற பிரதியோடு நிறுத்தாமல், அது வீட்டுக்குள் யார் யார் கைக்குப் போனது என்று இன்று எழுபதும் எண்பதும் வயதான பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அச்சான இதழைக் காப்பது போலவே, பெண்கள் கையால் தைத்த பைண்டு புத்தகங்களையும் முதல் பக்கத்துப் பெயரோடு சேர்த்துக் காக்க வேண்டும். சிவகாசியின் பைண்டிங் பிரிவுகளில் வேலை செய்தவர்களின் நினைவுகளும் அச்சு வரலாற்றில் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ்ப் பதிப்பாளர்களும் வார இதழ்களும் ஆண்டுக்கொருமுறையாவது படக்கதைப் போட்டி ஒன்றை நடத்தி, வந்த பக்கங்களைத் திருத்தி, நல்லதை அச்சில் கொண்டுவர வேண்டும். உரைநடையில் ஒரு நாவல் போட்டியால் முடிந்தது படக்கதையில் முடியாமல் போக எந்தக் காரணமும் இல்லை. இன்று புளியறையிலும் செங்கோட்டையிலும் தென்காசியிலும் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கிறது. படம் வரையும் செயலியும் இருக்கிறது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையைத் தாண்டி வர வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் வரைவார்களா என்று இனி யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. வரைந்ததை வாங்கி அச்சிட்டு, பெயரைப் போட்டு, உரிய ஊதியத்தைக் கொடுக்க நாம் தயாரா என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு நம்முடையது.